சூடேறினால் நின்றுபோகும் கார்: கிராங்க் சென்சரைத் தேடிப் பிடித்து மாற்றுதல்

வவுனியாவில் புறப்பட்ட கார் ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் எல்லாம் ஒரு குறையுமில்லாமல் ஓடி வரும். முறிகண்டியில் நிறுத்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு வந்து சாவியைத் திருப்பினால் ஸ்ராட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. பொனற்றைத் திறந்துவிட்டு அரை மணித்தியாலம் நிழலில் நின்றால், எதுவுமே நடக்காததுபோல ஒரே சுற்றில் பிடித்துக்கொள்ளும். கிளிநொச்சி போய்ச் சேர்ந்து கராஜில் காட்டும்போது ஒரு கோளாறும் இராது. "எங்க அண்ணை, ஒண்டும் இல்லையே" என்று மெக்கானிக் சொல்வார். அவரிலும் பிழையில்லை. ஆறிய காரில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது.

ஓடும்போது வராதது நிறுத்திய பிறகு ஏன் வருகிறது? எஞ்சின் ஓடும்வரை தண்ணீர் சுழலும், முன்காற்று அடிக்கும், விசிறி இழுக்கும். சாவியை மூடியதும் எல்லாம் நின்றுவிடும். சிலிண்டர் புளொக்கில் தங்கிய சூடு வெளியே பரவுவதால், அடுத்த பத்து இருபது நிமிடங்களுக்குப் பொனற்றுக்குள் வெப்பம் குறைவதற்குப் பதிலாகக் கூடும். புளொக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய சென்சரின் உள்ளே, ஈயம் பிடித்த இடத்தில் மெல்லிய வெடிப்பு இருந்தால் அந்த நேரத்தில்தான் அது விரிந்து தொடுப்பு அறும். ஆறினால் மறுபடி தொடும்.

நிசான் நிறுவனமே 2003இல், சனி உட்படப் பல மாதிரிகளை இந்தச் சென்சர் கோளாறுக்காக உலகம் முழுவதும் திருப்பி அழைத்தது. உங்கள் சனி எஃப்பி 15 அதற்கு முந்திய தயாரிப்பு என்றால், யப்பானில் இருந்தபோது அதன் சென்சர் மாற்றப்பட்டதா இல்லையா என்பதைக் காரைப் பார்த்துச் சொல்ல முடியாது. சோதித்துத்தான் அறியவேண்டும்.

எந்தக் கார்களுக்கு இது பொருந்தும்

சென்சர் என்ற பேச்சே இல்லாத கார்களில் கைபழகிய மண் இது. 1990களின் பொருளாதாரத் தடைக்குள், பெற்றோல் கிடைப்பதே அரிதாக இருந்த வன்னியில், ஏ 40, மொறிஸ் மைனர் போன்றவை மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைப் பிடிக்கவைத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கார்பரேற்றரும் கொன்ராக்ட் பொயின்ற்றும் அந்த விளையாட்டுக்கெல்லாம் இடம்கொடுத்தன. பொயின்ற் கருகினால் சின்ன அரத்தால் தேய்த்துவிட்டு ஓடலாம். போருக்குப் பிறகு இங்கே பெருகிய யப்பான் கார்களில் அந்தப் பொயின்ற்றின் வேலை கிராங்க் சென்சருக்குப் போய்விட்டது. இதைத் தேய்க்கவும் முடியாது, திறக்கவும் முடியாது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் விலை ஏறிய பழைய கார்களை ஒருவரும் கைவிடவில்லை. ஆகவே இருபது, இருபத்தைந்து வயதுச் சென்சர்கள் இன்னும் ஏ 9 வீதியில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

டொல்பின் ஹைஏஸ், 2சி எஞ்சின் லைற்ஏஸ் போன்ற பழைய டீசல் வான்களும், கார்பரேற்றர் வைத்த மாருதி 800உம் வைத்திருப்பவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகலாம். உங்கள் வண்டிகளில் இந்தச் சென்சர் இல்லை.

மற்றவர்களுக்கு, அது செய்யும் வேலை இதுதான். கிராங்க் தண்டோடு ஒரு பல் சக்கரம் சுற்றுகிறது. சென்சர் அதன் எதிரே, தொடாமல், மிகச் சிறிய இடைவெளியில் நிற்கிறது. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு மின்துடிப்பு எஞ்சின் கணினிக்குப் போகும். கொரோலா 121இன் சக்கரத்தில் 36 பல்லுக்கு இடம் இருக்கும், ஆனால் 34 பல்தான் இருக்கும். அந்த இரண்டு பல் இடைவெளியை வைத்துத்தான் தண்டு எந்த நிலையில் நிற்கிறது என்று கணினி கணக்கிடுகிறது. துடிப்பு வரவில்லை என்றால் எஞ்சின் சுற்றவில்லை என்றே அது நினைக்கும். தீப்பொறியும் கொடுக்காது, பெற்றோலும் தெளிக்காது.

வீதியோரச் சோதனை

சூட்டில் நின்றுபோகும் காரில் மூன்று பேரைச் சந்தேகிக்கவேண்டும்: பெற்றோல் பம்ப், இக்னிஷன் கொயில், கிராங்க் சென்சர். கார் பிடிக்காமல் நிற்கிற அந்த அரை மணித்தியாலமே சோதனைக்கு உரிய நேரம். பெரும்பாலானோர் அந்த நேரத்தைத் தொலைபேசியில் ஆளைக் கூப்பிடுவதில் கழித்துவிடுகிறார்கள்.

முதலில் காரைப் பாதுகாப்பாக ஓரம் கட்டுங்கள். முகமாலைப் பக்கம் என்றால் தார் ஓரத்தைத் தாண்டித் தள்ளவே வேண்டாம்; மண்டையோட்டுப் பலகை நட்ட காணிகள் அங்கே இன்னும் உண்டு. ஒட்டுசுட்டான் காட்டுப்பகுதியில் மாலையானால் சோதனையை மறந்துவிட்டு, ஆறியதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். யானை நிற்கிற இடத்தில் பொனற்றுக்குள் தலையை விடவேண்டியதில்லை.

நிசான் கார்களில் சாவியை ஓன் நிலைக்குக் கொண்டுவந்ததும் பின்சீற்றுக்குக் கீழே ஓரிரு விநாடி பம்ப் முனகும். அந்தச் சத்தம் வந்தால் பம்ப்புக்கு மின் போகிறது. ரொயோட்டா பலவற்றில் ஸ்ராட்டர் சுற்றும்போதுதான் பம்ப் ஓடும். ஒருவரைச் சாவி பிடிக்கவிட்டு, பெற்றோல் தாங்கிப் பக்கம் காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

அடுத்தது தீப்பொறி. எஃப்பி 15இலும் கொரோலா 121இலும் நாலு பிளக்குக்கும் நாலு தனிக் கொயில்கள். நாலும் ஒரே நேரத்தில் சாவது நடக்கிற காரியமில்லை. ஆகவே இந்த இரண்டிலும் எஞ்சின் முற்றாகப் பிடிக்காமல் போனால், கொயிலைச் சந்தேகப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளலாம். எஃப்பி 14, கொரோலா 110 போன்ற டிஸ்ரிபியூற்றர் கார்களில் இந்தக் கணக்குச் செல்லாது. அங்கே நாலு சிலிண்டருக்கும் ஒரே கொயில், அதுவும் சூட்டில் விட்டுப்போகும்.

ஆர்பிஎம் மீற்றர் உள்ள கார் என்றால் இன்னும் சுலபம். ஸ்ராட்டர் சுற்றும்போது முள்ளைப் பாருங்கள். சற்றே எழுந்து துடித்தால் சிக்னல் வருகிறது. செத்த முள்ளாகக் கிடந்தால், வராது என்றே வைத்துக்கொள்ளலாம். மலிவுப் பதிப்பு 110களில் அந்த மீற்றரே இல்லை. கொம்பனி மிச்சம் பிடித்த காசு நடுவீதியில் நம் தலையில் விழுகிறது.

கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. தண்ணீர்ப் போத்தலின் மூடியில் சிறு துளையிட்டு, சென்சர் இருக்கும் இடத்தில் மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டுக் குளிர்த்துங்கள். எட்டும் இடம் என்றால் ஈரத்துணியால் சுற்றலாம். ஐந்து நிமிடத்தில் கார் பிடித்துக்கொண்டால் சந்தேகம் பெருமளவு தீர்ந்தது. சூடான எக்சோஸ்ற் குழாயில் தண்ணீர் படக்கூடாது. ரேடியேற்றர் மூடியைத் தொடவே கூடாது.

இருக்குமிடம்

இங்கேதான் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒரே கொம்பனியின் அடுத்தடுத்த மாதிரிகளில்கூடச் சென்சர் வேறு வேறு மூலையில் இருக்கும். கீழே இடம், வலம் என்று சொல்வதெல்லாம் சாரதி ஆசனத்தில் முன்நோக்கி இருப்பவரின் இடம், வலம்.

எஃப்பி 15: எஞ்சினின் இடப்பக்கம் கியர்பொக்ஸ். அது எஞ்சினோடு சேரும் இடத்துக்கு அருகில், புளொக்கின் பின்புறத்தில், அதாவது சாரதி அறைச் சுவரைப் பார்த்தபடி, கீழே கிராங்க் சென்சர் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் இன்ரேக் குழாய்கள் மறைக்கும். எயார் கிளீனர் பெட்டியைக் கழற்றிவிட்டு ரோச் அடித்தால் வயர் இறங்கிப் போவது தெரியும். அதைப் பிடித்துக்கொண்டே கையை இறக்குங்கள். முன்பக்கத்தை உயர்த்திக் கீழிருந்து போவது இன்னும் இலகு. சிலிண்டர் ஹெட்டின் இடப்பக்க முனையில், கைக்கு எட்டுகிற உயரத்தில் இன்னொரு சென்சர் இருக்கும். அது கேம் சென்சர். பார்வைக்கு இரண்டும் நெருங்கியவை. எட்டுவதற்குச் சுலபம் என்பதால் முதலில் கேம் சென்சரை மாற்றிவிட்டு, கோளாறு போகவில்லை என்று திரும்பி வருபவர்கள் உண்டு. அதேநேரம் கேம் சென்சர் கெட்டாலும் இந்த எஞ்சின் பிடிக்க மறுக்கலாம் என்பதால், ஒன்றைச் சோதிக்கும்போது மற்றதையும் சோதித்துவிடுங்கள்.

கொரோலா 121, 1என்இசட் எஞ்சின் உள்ள விற்ஸ், பிளற்ஸ்: இங்கே நேர் எதிர்ப்பக்கம். வலப்பக்கத்தில் பெல்ற் ஓடும் முனை, கிராங்க் புலியின் ஓரம், ரைமிங் கவரின் கீழ்ப்பகுதி. வலது முன் சில்லையும் அதன் உட்புறப் பிளாஸ்ரிக் தடுப்பையும் கழற்றினால் வழி கிடைக்கும். ஒற்றை போல்ட், இரண்டு வயர்.

எஃப்பி 14, கொரோலா 110: தனிச் சென்சரைத் தேடி மினக்கெட வேண்டாம். அந்த வேலையைச் செய்யும் பாகம் டிஸ்ரிபியூற்றருக்குள்ளே இருக்கிறது. எஃப்பி 14இல் அது ஒளியால் இயங்குவது: நுண்ணிய துவாரங்கள் வெட்டிய தகடு சுற்ற, ஒரு பக்கத்து வெளிச்சத்தை மறுபக்கத்துக் கண் எண்ணும். தண்டு சீல் தேய்ந்து எஞ்சின் எண்ணெய் உள்ளே வந்தால் அந்தக் கண் மூடிப்போகும். சூடானாலும் ஆறினாலும் திணறுகிற எஃப்பி 14 என்றால், மூடியைத் திறந்து எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதில் தனிப் பாகம் தேடி அலைவதைவிட, நல்ல நிலையிலுள்ள முழு டிஸ்ரிபியூற்றரை வாங்குவதே புத்தி. கழற்றமுன் அது நின்ற நிலையைக் கோடு கீறி அடையாளம் வைக்காவிட்டால் ரைமிங் மாறும்.

கோட் பார்ப்பது பற்றி

தொலைபேசியோடு புளூடூத்தில் சேரும் மலிவான ஸ்கானரை வாங்கியவர்கள், "இது வேலை செய்யுதில்லை" என்று குறைப்படுவதுண்டு. யப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த அந்தக் காலக் கார்கள் பலவற்றின் கணினி, அந்த ஸ்கானருக்குத் தெரிந்த பொது மொழியில் பேசுவதில்லை. சொக்கற் பொருந்தும், தொடர்பு கிடைக்காது. யப்பான் கார்களுக்கான ஸ்கானர் வைத்திருக்கும் கராஜைத் தேடுங்கள். அதில் வரும் கோட் பி 0335 என்றால் கிராங்க் சென்சர் சுற்று. பி 0340 என்றால் கேம் சென்சர் சுற்று. "சுற்று" என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும்: சென்சர், அதன் பிளக், வயர், கணினி வரை எல்லாம் அதற்குள் அடங்கும். கோட் வந்த உடனே சென்சருக்கு ஓடர் கொடுப்பது அவசரம்.

கழற்றுமுன் வயரைப் பாருங்கள்

வன்னியில் இதை நான் எவ்வளவு வற்புறுத்தினாலும் தகும். நெல்மூட்டை அடுக்கிய கொட்டிலோடு சேர்த்துக் காரை விடுகிற வீடுகள் இங்கே அதிகம். எலி நெல்லுக்கு வரும், குளிர்ந்த இரவில் சூடான எஞ்சினில் ஏறிப் படுக்கும், வயரைக் கடிக்கும். வெளியே தோல் கொஞ்சம் போனதுபோலத்தான் தெரியும், உள்ளே இழைகள் பாதி அறுந்திருக்கும். 2018 டிசம்பர் வெள்ளத்தைப் போன்ற ஒன்றில் நனைந்த கார் என்றால் பிளக்குக்குள் பச்சைக் கறல் ஏறியிருக்கும். கிறவல் வீதித் தூசியும் எண்ணெயும் சேர்ந்து கட்டிய களி பிளக்கின் கிளிப்பை இறுக்கிவிட்டிருக்கும்.

பிளக்கைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். நாக்கை அமத்தி, பிளக்கின் உடம்பைப் பிடித்து இழுங்கள். வெயிலில் வெந்த பழைய பிளாஸ்ரிக் சொடுக்கென்று உடையும். உடைந்தால் இழைநாடாவால் கட்டி வைக்காமல், பழைய கார் உடைக்கும் இடத்தில் வயரோடு சேர்த்து வெட்டிய பிளக் ஒன்றை வாங்கி ஈயம் வைத்து ஒட்டுங்கள்.

இப்போது மல்ரிமீற்றர். கொரோலா 121இன் இரண்டு வயர்ச் சென்சர் உள்ளே வெறும் காந்தமும் கம்பிச் சுருளும். இரண்டு முனைக்கும் இடையே ஆறிய நிலையில் சுமார் 1000 முதல் 1600 ஓம் காட்டவேண்டும். சூட்டில் சுமார் 1250 முதல் 1900 வரை போகலாம். ஆறிய நிலையில் சரியாகக் காட்டிவிட்டது என்பதற்காக விட்டுவிடாதீர்கள். கழற்றிய சென்சரின் முனையை, பிளக் பக்கம் நனையாதபடி, கொதித்து இறக்கிய தண்ணீர்க் கோப்பையில் பிடித்துக்கொண்டு மீண்டும் அளந்து பாருங்கள். எண் மெதுவாக ஏறி நின்றால் நல்லது. திடீரென்று முடிவிலிக்குப் பாய்ந்தால், முறிகண்டியில் நடந்ததை உங்கள் குசினியிலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

எஃப்பி 15இன் மூன்று வயர்ச் சென்சரில் உள்ளே மின்னணுச் சில்லு இருப்பதால் ஓம் கணக்கு அதிகம் உதவாது. முனைகளுக்கிடையே பூச்சியமோ முடிவிலியோ காட்டினால் கெட்டது. மற்றபடி ஒன்றும் உறுதியில்லை. ஆனால் பிளக் பக்கத்தைச் சோதிக்கலாம். சாவி ஓன் நிலையில் மூன்றில் ஒன்றில் மின் வரவேண்டும், இன்னொன்று பொடியோடு நன்றாக ஏர்த் ஆகவேண்டும். மின் வரவில்லை என்றால் நீங்கள் தேடவேண்டியது ரிலேயையும் பியூசையும்; சென்சர் அப்பாவி.

வாங்குவது

கிளிநொச்சி, வவுனியா உதிரிப்பாகக் கடைகளில் இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தைதான். "எஃப்பி 15 கிராங்க் சென்சர் ஒண்டு அனுப்புங்கோ" என்று மட்டும் சொன்னால் வருவது கேம் சென்சராக இருக்கலாம், வேறு எஞ்சினுடையதாகவும் இருக்கலாம். பொனற்றுக்குள் உள்ள தகட்டில் சசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் இருக்கும். அதைப் படம் எடுங்கள். பழைய சென்சரின் மேல் உள்ள எண்ணையும், பிளக்கின் வாயையும், முனையின் நீளத்தையும் ஓர் அடிமட்டம் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். பஸ்ஸில் பார்சல் வந்து சேர்ந்த பிறகு திருப்பி அனுப்புவது பெரிய தலையிடி.

புதுசா, கழற்றிய பழசா? கழற்றிய யப்பான் சாமான் எதுவானாலும் நல்லது என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. கியர்பொக்ஸுக்கு அது சரியாக இருக்கலாம். சூட்டில் வயதாகிச் சாகிற சென்சருக்குச் சரியில்லை. உங்களுடையதன் அதே வயது அதற்கும். பெயரில்லாப் பெட்டியில் வரும் மிக மலிவான புதுசும் வேண்டாம். கொம்பனிக்குச் சென்சர் செய்து கொடுத்த தயாரிப்பாளரின் புதுசு கிடைத்தால் விலை கூடினாலும் அதையே எடுங்கள்.

மாற்றும் வேலை

எஞ்சின் நன்றாக ஆறவேண்டும். பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். காரை உயர்த்துவதென்றால் சீமெந்துத் தரை தேடுங்கள். முல்லைத்தீவுக் கரையோர மணலில் ஜக் ஒரு பக்கம் புதைந்து சரியும். தடித்த பலகை போட்டு, ஸ்ராண்டும் வைத்து, பின்சில்லுக்குக் கல்லும் வைத்த பிறகே கீழே போங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கவே கூடாது.

சென்சரைச் சுற்றிய களியைத் தூரிகையாலும் காற்றாலும் துப்புரவாக்குங்கள். கழற்றிய பிறகு துப்புரவாக்கினால் மண் எல்லாம் துவாரத்துக்குள் போகும். பத்தாம் இலக்கச் சொக்கற்றால் போல்ட்டைக் கழற்றுங்கள். கறல் பிடித்திருந்தால் துருநீக்கி எண்ணெய் அடித்து ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். சென்சர் உடனே வராது. ஓ ரிங் ஒட்டியிருக்கும். இடம் வலமாகத் திருகித் திருகி இளக்கி, நேராக இழுங்கள். ஸ்குறூட்ரைவரால் நெம்பினால் முனை உடைந்து உள்ளே நிற்கும், அப்புறம் கியர்பொக்ஸைக் கழற்றுகிற கதையாகிவிடும்.

வெளியே வந்த முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காந்தம் என்பதால் கொஞ்சம் ஒட்டுவது வழமை. நிறைய ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டு மறுபடி சோதிக்கலாம், சிலவேளை அதுவே கோளாறாக இருக்கும். முனை உரசிய அடையாளம் இருந்தால் பல் சக்கரம் ஆடுகிறது. சென்சர் மாற்றித் தீராது.

புதிய ஓ ரிங்கில் ஒரு துளி எஞ்சின் எண்ணெய் பூசி, கையால் அமத்தினாலே சென்சர் தளத்தில் படிய உட்காரவேண்டும். படியாமல் போல்ட்டை முறுக்கி இழுத்தால் சென்சரின் காது வெடிக்கும். வொஷர் வைத்து உயர்த்தாதீர்கள். இடைவெளி கூடினால் சிக்னல் பலம் குறையும். முறுக்கம் 7.5 நியூற்றன் மீற்றர் அளவு, அதாவது சிறு ராட்செற்றை இரண்டு விரலால் பிடித்து இறுக்குகிற பலம். வயரைப் பழைய கிளிப்புகளிலேயே திரும்ப மாட்டுங்கள். 121இல் அது பெல்ற்றிலும், எந்தக் காரிலும் எக்சோஸ்ற்றிலும் படக்கூடாது.

சரியா என்று பார்ப்பது

பற்றரியை மாட்டியதும் கார் பிடிக்கும். பழைய சென்சரிலும் ஆறியபோது பிடித்ததுதானே, அதில் மகிழ ஒன்றுமில்லை. ரேடியேற்றர் விசிறி இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். பொனற்றை மூடியே வைத்து நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்புங்கள். பிறகு இருபது நிமிடம் கழித்து மறுபடி. இரண்டு முறையும் பிடித்தால் மதிய வெயிலில் மாங்குளம் வரை ஒரு ஓட்டம் ஓடி, அங்கே நிறுத்தியும் பாருங்கள். பற்றரி கழற்றியதால் முதல் நாள் ஐட்லிங் சற்று ஏறி இறங்கலாம்.

புதுச் சென்சரோடும் சூட்டில் நின்றால், சென்சர் பிளக்கில் இருந்து கணினி வரை தற்காலிகமாக ஒரு தனி சிக்னல் வயர் இழுத்து ஓடிப் பார்க்கச் சொல்லுங்கள். அதோடு கோளாறு மறைந்தால் பழைய வயருக்குள் எங்கோ அறுந்திருக்கிறது; எலி கடித்த இடத்தைத் தேடாமல் அந்த ஒரு வயரை நிரந்தரமாகவே மாற்றிவிடலாம். மறையாவிட்டால் எஞ்சின் கணினிக்கு மின் கொடுக்கும் பிரதான ரிலேயைக் கழற்றி, அதே எண்ணுள்ள இன்னொன்றைப் போட்டுப் பார்க்கவேண்டும். ரிலே மலிவு, அதையும் சூட்டில்தான் சோதிக்கவேண்டும்.